முதல் அடியில் குத்துகின்ற குதிக்கால்

காலையில் பாயை விட்டு எழுந்து நிலத்தில் முதல் அடியை வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறியது போல ஒரு நோ. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி நொண்டி நடந்தால் சற்றுக் குறைகிறது. தேநீர் வைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வயலுக்கு நடந்து போகும்போது அது மறந்தே போகிறது. பத்து மணித் தேநீருக்கு வரம்பில் குந்தியிருந்துவிட்டு எழும்பினால் மறுபடியும் அதே ஆணி. பின்னேரம் வீடு திரும்பும்போது இரண்டு கால்களும் கனத்துப் போகின்றன.

இதை வாசிக்கும்போதே "இது எனக்கெண்டே எழுதியிருக்கினம்" என்று நினைக்கின்ற வாசகிகள் பலர் இருப்பீர்கள். வன்னிக் கிராமங்களில் மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போய்வருகின்ற எனக்கு இது மிகவும் பழக்கப்பட்ட விடயம். கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசி முடிந்து கூட்டம் கலைந்த பின்னர்தான் யாராவது ஓர் அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய் இதைச் சொல்வார். கூட்டத்தில் சொல்வதில்லை. "எல்லாரும் எவ்வளவு பெரிய துன்பம் சொல்லுகினம். நான் கால் நோவைச் சொன்னால் சிரிப்பினம் தங்கச்சி" என்றார் கச்சான் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகின்ற ஒரு தாய். கணவர் இல்லை. மூன்று பிள்ளைகள். அந்தக் குதிக்காலோடுதான் அவர் தினமும் நாலு கிலோமீற்றர் நடக்கிறார்.

சமூகவியல் படித்த காலத்தில், உழைப்பு, மூலதனம் என்று நிறையப் படித்தோம். ஆனால் நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணின் மூலதனம் அவருடைய இரண்டு பாதங்கள் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. யுத்தத்திற்குப் பின்னர் எமது பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தார்கள், கோழிக்குஞ்சு கொடுத்தார்கள், ஆடும் மாடும் கொடுத்தார்கள். பயனாளிகளைத் தெரிவு செய்வதற்கான படிவங்களில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. கால் எப்படி இருக்கிறது என்ற கேள்வியை நான் எந்தப் படிவத்திலும் காணவில்லை. ஆட்டுக்குக் குழை வெட்டவும் மாட்டை மேய்ச்சலுக்குக் கொண்டுபோகவும் கால்தானே வேண்டும்!

எமது பாதங்கள் நடந்த நடை கொஞ்சமா? 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு மழையில் நடந்தவர்கள் இப்போது பாட்டிமாராக இருக்கிறார்கள். 2009 இல் கிளிநொச்சியிலிருந்து இடம் மாறி இடம் மாறி முள்ளிவாய்க்கால் மணலிலும், பின்னர் வட்டுவாகல் பாலத்தினூடாகவும் நடந்தவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. செருப்பு அறுந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தவர்கள். அன்று நடந்ததால்தான் இன்று குதிக்கால் நோகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதற்கு வைத்திய ஆதாரமும் இல்லை. ஆனால் "நோவைப் பார்க்காமல் நட" என்று அந்த நாட்கள் பழக்கிவிட்ட பழக்கம் இன்னும் எம்மை விட்டுப் போகவில்லை. அன்று அது உயிரைக் காப்பாற்றியது. இன்று அதே பழக்கம், இலகுவாகச் சுகப்படுத்தக்கூடிய ஒரு வருத்தத்தை வருடக்கணக்கில் சுமக்க வைக்கிறது.

குதிக்காலின் உள்ளே நடப்பது என்ன?

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. உள்ளங்காலின் அடியில், குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லின் நாண் போல, பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்பது இதுதான். அளவுக்கு மிஞ்சி இழுபடும்போது, அது குதிக்கால் எலும்போடு ஒட்டியிருக்கின்ற இடத்தில் நைந்து போகிறது. இரவில் நாம் படுத்திருக்கும்போது சுருங்கியிருக்கும் பட்டை, காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென இழுபடுகிறது. ஆணி குத்துவது போன்ற நோ அதனால்தான். வைத்தியர்கள் இதைப் 'பிளான்ரர் பசியைற்றிஸ்' என்பார்கள். எமது ஊர்களில் குதிவாதம் என்று சொல்வோம்.

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் இது அதிகம் வருகிறது. நெடுநேரம் நிற்பவர்கள், கடினமான நிலத்தில் நடப்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், கெண்டைக்கால் தசை இறுகிப் போனவர்கள், அடி தேய்ந்த மெல்லிய செருப்புப் போடுபவர்கள் ஆகியோரை இது தேடி வருகிறது. தலையிலே விறகுக் கட்டையும் இடுப்பிலே தண்ணீர்க் குடத்தையும் சுமப்பவர்களுக்கு அந்தப் பாரம் முழுவதும் இறுதியில் குதிக்காலில்தான் போய் இறங்குகிறது. கடற்கரையில் கருவாடு காயவைக்கும் சகோதரிகளுக்கோ வேறு விதமான கஷ்டம். இளகிய மணலில் கால் புதையப் புதைய நடக்கும்போது கெண்டைக்காலும் உள்ளங்காலும் இரட்டை வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னுமொரு காரணம், வேலை திடீரென்று கூடுவது. பல மாதம் வீட்டோடு இருந்துவிட்டு, அருவி வெட்டு வந்ததும் ஒரே நாளில் பத்து மணித்தியாலம் காலில் நிற்பது. கதிர்காமப் பாதயாத்திரை போகின்றவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாக உகந்தைக்குப் போய், அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் நடக்கின்ற அந்த நீண்ட யாத்திரையில், முதல் வாரத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுபவர்கள் பெரும்பாலும் நடந்து பழகாமல் வந்தவர்கள். நேர்த்தி வைத்திருக்கும் சகோதரிகள் ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு முன்பே ஊருக்குள் நடக்கத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது.

வீட்டு நிலத்தையும் சொல்ல வேண்டும். மண்வீட்டில், சாணமிட்டு மெழுகிய தரையில் இருந்தவர்கள் யுத்தத்தின் பின்னர் வீட்டுத்திட்டங்கள் மூலம் கல்வீட்டுக்கு வந்தோம். நல்ல விடயம்தான், யாரும் திரும்பி மண்வீட்டுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் சீமெந்துத் தரை குதிக்காலுக்கு இரக்கம் காட்டாது. வயலில் நின்றுவிட்டு வந்து, அதன் பின்னர் இரண்டு மணித்தியாலம் வெறுங்காலோடு அந்தத் தரையில் நின்று சமைக்கிறோம். வீட்டுக்குள் செருப்புப் போடுவது எமது வழக்கமில்லை. வெளிச்செருப்பை உள்ளே கொண்டுவர மனம் வராவிட்டால், வீட்டுக்குள் மாத்திரம் போடுவதற்கென்று மெத்தென்ற ஒரு சோடியைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாவிட்டால் அடுப்படியில் நிற்கும் இடத்தில் சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட்டு அதில் நில்லுங்கள். சாமி அறைக்குப் போகும்போது கழற்றினால் போயிற்று.

"ஓய்வெடுங்கோ" என்றால் யார் உலை வைப்பது?

வைத்தியசாலைக்குப் போனால் முதலில் கிடைக்கும் ஆலோசனை, காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்பது. ஆலோசனை பிழையில்லை. ஆனால் நாளாந்தம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற பெண்ணிடம் இதைச் சொல்லும்போது, "சரி ஐயா" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாள் அவர் வேலைக்குத்தான் போவார். மனம் நிறைய ஒரு குற்ற உணர்வு மட்டும் மிச்சம். முழு ஓய்வு முடியாதவர்கள் பாரத்தையாவது குறைக்கலாம். ஒரே நடையில் இரண்டு குடம் சுமப்பதற்குப் பதிலாகச் சைக்கிளில் கான் கட்டி உருட்டிக்கொண்டு வரலாம். வெங்காயம் துப்புரவாக்குவது, கச்சான் உடைப்பது போன்ற இருந்து செய்யும் வேலைகளை, நின்று செய்யும் வேலைகளுக்கு நடுவில் பிரித்து வைக்கலாம். கூலி வேலைக்குக் குழுவாகப் போகின்ற இடங்களில், நோ கூடிய கிழமையில் ஒருவருக்கு இருந்து செய்கின்ற வேலையை விட்டுக்கொடுக்கும் ஒழுங்கைப் பெண்கள் தாங்களாகவே செய்திருப்பதையும் கண்டிருக்கிறேன்.

இதைவிட முக்கியமானது, காலையில் முதல் அடி வைப்பதற்கு முன்னர் செய்யவேண்டிய ஒரு சிறு பயிற்சி. பாயில் இருந்தபடியே நோகின்ற காலை மற்றக் காலின் தொடைமேல் போடுங்கள். கையால் கால்விரல்கள் அனைத்தையும் சேர்த்துப் பிடித்து, முழங்காலின் பக்கமாக மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள். மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் நார்ப்பட்டை கயிறு போல இறுகி நிற்பது தெரியும். பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்து விடுங்கள். இவ்வாறு பத்துத் தடவை. நிலத்தில் கால் வைப்பதற்கு முன்னர் இதைச் செய்ய வேண்டும், எழும்பி நடந்த பிறகு செய்து பெரிய பலன் இல்லை. பகலிலும் இரவிலும் இன்னும் ஒவ்வொரு தடவை, குறிப்பாக நெடுநேரம் இருந்துவிட்டு எழும்புவதற்கு முன்னர், செய்யலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடமும் செல்லாது.

அடுத்தது கெண்டைக்காலுக்கு. சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, நோகின்ற காலைப் பின்னுக்கு வைத்து, முழங்காலை நேராகவும் குதிக்காலை நிலத்தோடும் வைத்தபடி உடலை முன்னுக்குச் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். அரை நிமிடம் வரை பிடித்து விட்டு, மூன்று முறை செய்யுங்கள்.

முதல் நோ கொஞ்சம் அடங்கிய பின்னர் விறாந்தைப் படியில் செய்யக்கூடிய இன்னொன்று இருக்கிறது. துவாயொன்றைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்க, குதிக்கால் படிக்கு வெளியே இருக்கும்படி நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகக் குதிக்காலை உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணும் நேரத்தில் இறக்குங்கள். இரண்டு காலாலும் தொடங்கி, பலம் வந்த பிறகு ஒற்றைக் காலால் செய்யலாம். பன்னிரண்டு முறை, ஒன்றுவிட்டு ஒரு நாள். டென்மார்க்கில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், இவ்வாறு பாரம் கொடுத்துப் பயிற்சி செய்தவர்கள் மூன்று மாதத்தில், காலை இழுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடம் ஆனபோது இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவு சுகமாகியிருந்தார்கள். ஆகவே எது உங்களுக்கு இயலுமோ அதைச் செய்யுங்கள். ஆனால் விடாமல் செய்யுங்கள்.

விடாமல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வருத்தம் ஒரு கிழமையில் போகாது. பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சை எதுவுமில்லாமல் சுகப்படும், ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். பத்து நாள் செய்து பார்த்துவிட்டு "இதாலை ஒண்டும் நடக்காது" என்று விடுகின்றவர்கள்தான் அதிகம்.

ஐஸ் ஒத்தடமும் நோவைத் தணிக்கும். குளிரூட்டி இல்லாத வீடுகள் அனேகம். கரையோரத்தில் இருப்பவர்கள் மீன் வாடியில் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கி, துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் குதிக்காலில் வைக்கலாம். சூடாக்கிய செங்கல்லில் எருக்கிலையை வைத்து அதன்மேல் குதிக்காலை ஊன்றுகின்ற எங்கள் பாட்டிமாரின் முறையும் பலருக்குச் சுகம் தருகிறது. அதை நான் மறுக்கமாட்டேன். இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைப் பழுதாக்கும். மற்றது, நீரிழிவு உள்ளவர்களும் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் சூடான கல்லுக்குக் கிட்டவும் போகக்கூடாது. கால் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

பாமசிக் குளிசை

ஊர்களில் நான் காண்கின்ற பெரிய ஆபத்து குதிவாதமல்ல. அதற்காக வாங்கி விழுங்கும் குளிசைதான். பாமசியில் "கால் நோவுக்கு" என்று கேட்டால் டைக்குளோபெனக் போன்ற குளிசைகளைக் கடதாசிப் பையில் போட்டுத் தருகிறார்கள். ஒன்று போட்டால் அன்றைக்கு வேலைக்குப் போகலாம். நாளைக்கும் ஒன்று. இப்படியே மாதக்கணக்கில் போகிறது. இந்த வகைக் குளிசைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பாதிப்பு இன்னும் கூட. வடமத்திய மாகாணத்தைப் போலவே வவுனியா மாவட்டத்திலும், காரணம் முழுமையாக அறியப்படாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைத் தாக்கி வருகிறது என்பதை நாம் அறிவோம். அப்படிப்பட்ட மண்ணில் வைத்தியரின் ஆலோசனையில்லாமல் இந்தக் குளிசைகளைத் தொடர்ந்து எடுப்பது தெரிந்தே குழிக்குள் இறங்குவது போன்றது. தாங்க முடியாத நாளில் பனடோல் போடலாம். ஈரல் வருத்தம் இல்லாத வளர்ந்தவர்கள் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு எடுக்கலாம். நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் எடுக்கவே கூடாது.

குதிக்காலில் போடுகின்ற ஊசியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அது ஒரு மாதமளவுக்கு நோவைக் குறைக்கும். பிறகு பெரும்பாலும் பழைய நிலைதான். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்து போகவும், குதிக்காலின் கீழே மெத்தை போல இருக்கும் கொழுப்பு தேய்ந்து போகவும் இடமுண்டு. எக்ஸ்றே படத்தில் "எலும்பு வளர்ந்திருக்குது" என்று சொல்லிவிட்டால் பயப்படவும் வேண்டாம். குதிக்கால் நோவே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த எலும்பு முனை இருக்கிறது.

மாவட்ட வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைக் காணும்போது, "இயன்மருத்துவரிட்ட ஒருக்கால் அனுப்புங்கோ" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காமல் கிடைப்பது குறைவு. இதற்குப் பணம் எதுவும் கட்டத் தேவையில்லை.

எல்லாக் குதிக்கால் நோவும் குதிவாதமல்ல. இரவில் படுத்திருக்கும்போதும் நோ விடாமல் இருந்தால், வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால், எரிவும் விறைப்பும் இருந்தால், கடுமையான வேலைக்குப் பின்னர் குதிக்காலை இரு பக்கமும் அமத்தும்போது உயிர்போகிற மாதிரி நொந்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது எலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம். வயது குறைந்த பெண்ணுக்கு இரண்டு குதிக்காலும் நொந்து, காலையில் முதுகும் நெடுநேரம் விறைத்திருந்தால் அதுவும் வேறு வருத்தம், கட்டாயம் சொல்ல வேண்டும்.

நோகாத கால்

நோகின்ற காலை விட எனக்குப் பயம் தருவது நோகாத கால். நீரிழிவு பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் செத்துப் போகின்றன. முள் ஏறும், செருப்பு வெட்டும், சுடுமணல் பொசுக்கும், ஒன்றும் தெரியாது. நாள் கடந்து மணம் வந்த பிறகுதான் புண் இருப்பது தெரியவரும். யுத்தம் காலைப் பறிக்காமல் விட்ட பெண்களிடமிருந்து சீனி வருத்தம் காலைப் பறிப்பதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் உருவாக்கியது. ஒரு கருவியும் தேவையில்லை. நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருக்க, மகளோ அயலவரோ உங்கள் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக விரலால் மெல்லத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, ஒன்றிரண்டு விநாடி தொட்டால் போதும். தொட்ட உடனே வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

35 வயதைக் கடந்தவர்கள் நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒரு தடவை போய் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் எந்த நாள் என்று சொல்வார். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம், மீண்டும் பார்த்து உறுதிசெய்வார்கள்.

காயம் பட்ட கால்கள்

எமது வாசகிகள் பலருடைய உடலில் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. பாதத்திலோ காலிலோ அப்படி இருந்தால், குதிக்கால் நோவுக்காகப் போனாலும் அதை வைத்தியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நோவுக்கு அந்தத் துண்டே காரணமாகவும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அனுப்பினால், உடலில் எங்கே துண்டு இருந்தாலும் அங்கும் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம், உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடக்கூடும். இது எப்படி வந்த காயம் என்று கேட்பார்களோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் துண்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், கதை முழுவதையும் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எலும்பு முறிந்து பொருந்தியதில் ஒரு கால் சற்றுக் கட்டையாகிப் போனவர்களுக்கு, அந்தச் செருப்பின் குதிப்பகுதியை மட்டும் இயன்மருத்துவர் சொல்லும் அளவுக்கு உயர்த்தினால் நடை சீராகும், மற்றக் குதிக்காலின் பாரமும் இடுப்பு நோவும் குறையும்.

ஒரு காலை இழந்தவர்களுக்கு மிச்சமிருக்கும் காலின் குதிவாதம் சாதாரண விடயமல்ல. இரண்டு காலின் வேலையையும் அந்த ஒன்றே செய்கிறது. 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவாக்கப்பட்ட றப்பர்ப் பாதம் எமது பெண்களுக்குப் பொருந்துவதற்குக் காரணம், சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், வயலுக்குள் இறங்கலாம், குந்தியிருக்கலாம் என்பதே. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையம் யுத்தத்தின் நடுவிலும் இந்தக் கால்களைச் செய்து கொடுத்தது. பொய்க்காலின் உயரமோ பிடியோ கொஞ்சம் பிசகினாலும் உடல் நல்ல காலின் பக்கம் சாயும். நல்ல கால் நோகத் தொடங்கினால், திருத்தவேண்டியது பொய்க்காலாகவும் இருக்கலாம். கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சேறும் ஈரமும்

காலபோகத்தில் களை பிடுங்கும் நாட்களில் நோவோடு புண்ணும் சேர்ந்துகொள்கிறது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிக் கடிக்கின்ற சேற்றுப்புண்ணுக்கு முதல் வைத்தியம், வேலை முடிந்து கழுவிய பின்னர் விரலிடுக்குகளைத் துணியால் ஈரமில்லாமல் துடைப்பது. பூஞ்சணத்துக்கான பூச்சு மருந்து போட்டால், சுகமானது போலத் தெரிந்தவுடன் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை பூசுங்கள். பித்தவெடிப்பை அலகால் வெட்டாதீர்கள். இளஞ்சூட்டு நீரில் காலை ஊறவிட்டு, பீர்க்கம் நாரினால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வசிலினோ பூசிப் பழைய காலுறையைப் போட்டுப் படுங்கள்.

வெடிப்பும் புண்ணும் உள்ள காலோடு வயல் தண்ணீரில் இறங்குவதால் வரும் எலிக்காய்ச்சல் உயிரையே எடுக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அது பரவிச் சிலர் உயிரிழந்ததை மறந்திருக்கமாட்டோம். வயல் தொடங்கும் முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்புக் குளிசை இலவசமாகத் தருவார். சேற்றில் வேலை செய்த பின்னர் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், பனடோலோடு வீட்டில் படுக்காமல் வைத்தியசாலைக்குப் போய், "வயலுக்குள் இறங்கினனான்" என்று சொல்லுங்கள். ஆணியோ முள்ளோ ஏறினால் ஏற்பூசி போட்டுக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

செருப்பு வாங்கும்போது

அடி தேய்ந்து வழவழத்துப் போன றப்பர்ச் செருப்பைக் கம்பியால் கட்டிக் கட்டிப் போடுகிறோம். பிள்ளைகளின் சப்பாத்துக்கு வருடா வருடம் காசு தேடுகின்ற தாய், தன்னுடைய செருப்பைக் கடைசிக் கணக்கில்தான் வைக்கிறாள். நிவாரணமாகக் கொடுக்கப்படும் செருப்புகளும் பெரும்பாலும் ஒரே அளவில் மூட்டையாக வருகின்றன. எமது போன்ற அமைப்புகள் இனியாவது ஆளைப் பார்த்து, அளவெடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நல்ல செருப்பு விலை கூடியதாக இருக்கவேண்டும் என்றில்லை. அடி தடிப்பாக, குதிக்கால் பக்கம் விரற்கடை அளவு உயர்ந்து, நடுவில் பாத வளைவைத் தாங்கக்கூடியதாக, பின்னால் பட்டி போட்டுக் காலோடு நிற்பதாக இருந்தால் போதும். பட்டியில்லாத செருப்பு கழராமல் இருப்பதற்கு விரல்களை ஒவ்வோர் அடிக்கும் இறுக்கவேண்டியிருக்கிறது, அது நார்ப்பட்டையைத்தான் இழுக்கும். செருப்பை இரு கையாலும் மடித்துப் பாருங்கள். விரல் பக்கம் மடியலாம், நடுவில் கடதாசி போல மடிந்தால் வாங்காதீர்கள். இருக்கின்ற சப்பாத்துக்குள் வைக்கும் மெத்தென்ற குதிக்கால் தகடுகள் பாமசிகளிலும் கிடைக்கும். ஆயத்தமாக விற்கும் சாதாரண தகடு, காசு கொடுத்து அளவுக்குச் செய்விக்கும் தகட்டளவுக்கே பலன் தருகிறது.

களை பிடுங்கும்போது சேற்றுக்குள் நீண்ட றப்பர்ச் சப்பாத்து புதைந்து போகிறது, நடக்க முடியவில்லை என்று பெண்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வரம்பு செருக்கவும், வாய்க்கால் துப்புரவாக்கவும், விறகு எடுக்கவும் போகும்போது அதைப் போடலாம். பாம்புக்கடியில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும்தான். கண்ணிவெடி அகற்றும் பணியிலுள்ள சகோதரிகளுக்கோ இதற்கு எதிர்மாறான பிரச்சினை. நாள் முழுவதும் தடித்த சப்பாத்துக்குள் கால் வியர்த்து ஊறுகிறது. முடிந்தால் இரண்டு சோடி காலுறை கொண்டுபோய் மத்தியானம் மாற்றுங்கள். சப்பாத்தை இரவில் வாயை விரித்துக் காற்றில் வையுங்கள்.

செருப்புக் கடைக்குக் காலையில் போகாமல் பின்னேரம் போங்கள். நாள் முழுவதும் நடந்த கால் பின்னேரத்தில் சற்று வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் சரியான அளவு. நேரே போக முடியாவிட்டால் கடதாசியில் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கீறி, ரவுணுக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். இரண்டு காலையும் தனித்தனியே கீறுங்கள். அனேகருக்கு இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலின் அளவுக்கே வாங்கச் சொல்லுங்கள்.